ஆரக்கிள் சீட்டு: வரைவதா, வெட்டி ஒட்டுவதா?

குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டுக்கு 78 சீட்டு என்ற கணக்கு உண்டு. அதேபோல் படம் பார்த்துப் பொருள் சொல்லும் ஆரக்கிள் கட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. சாவிக்கொத்து, பொங்கும் பால், ஒற்றைச் செருப்பு என அன்றாடப் பொருள்களின் மாயத்தையே சீட்டாக்கலாம். எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

நீர்வண்ணத்தில் வரைய 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள் வேண்டும். மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்துவிடும். செலவு கூடுதல்தான். ஆனால் வண்ணம் தானாகப் பரவி உண்டாக்கும் உருவங்கள், பொருள் தேடும் கண்ணுக்கு நல்ல தீனி.

வெட்டி ஒட்டப் பழைய சீட்டுக்கட்டே போதும். வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்தால்தான் பசை நன்றாகப் பிடிக்கும். பசையை மெல்லிசாகத் தடவி, கனமான புத்தகங்களின் அடியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். காலண்டர் படம், மளிகைப் பட்டியல், பஸ் டிக்கெட் எல்லாம் இங்கே செல்லும். ஒரு தொல்லை: கட்டு தடித்துவிடும். 52 சீட்டையும் ஒட்டினால் கலைத்துப் போடவே வராது, முப்பதோடு நிறுத்துங்கள்.

என் கட்சி ஒட்டுவதுதான். நிஜ டிக்கெட் கையில் இருக்கும்போது அதை ஏன் வரைய வேண்டும்? ஆனால் கண்டக்டரின் இயந்திரத்தில் அச்சாகும் டிக்கெட் நாளடைவில் வெளுத்துவிடும். நகலெடுத்து ஒட்டுவது நல்லது.