ஒன்லைனில் தொழில் ஆலோசனை: கொழும்பிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

2022 நடுப்பகுதியில்தான் ஒன்லைன் தொழில் ஆலோசனைச் சேவைகளைத் தேட ஆரம்பித்தேன். பொருளாதார நெருக்கடியின் அந்த வருடம் கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்த யாருக்கும் காரணம் விளக்கத் தேவையில்லை. நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கூட வேலை செய்த பலர் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு நாட்டை விட்டுப் போகும் எண்ணம் இருக்கவில்லை. வேலையைத்தான் மாற்ற நினைத்தேன்: முடிந்துபோன கணக்கைப் பதிவதை விட்டு, எண்களைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும் பகுப்பாய்வு வேலைக்கு. வீட்டில் கேட்டால் "இருக்கிற வேலையை விடாதே" என்றார்கள். நண்பர்களைக் கேட்டால் "கனடாவுக்குப் போ" என்றார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை இலவசமாகவும் காசு கட்டியும் பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டில் இருக்கும் ஒரு தேர்ந்த கோச் தருவது ஒன்று, இந்த ஊரில் வேலை செய்து பழகிய ஒருவர் தருவது வேறொன்று. முதலாமவருக்குக் காசு கட்டிவிட்டு இரண்டாமவரின் உதவியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பலரும் தொடங்குவது போல நானும் சுயபரீட்சைகளில்தான் தொடங்கினேன். அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் ஆதரவில் இயங்கும் ஓநெட் தளத்தில் இன்டரஸ்ட் புரொஃபைலர் என்று ஒன்று இருக்கிறது. 60 கேள்விகள், முற்றிலும் இலவசம். உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் வகுத்த ஆறு ஆர்வ வகைகளில் நமக்கு எவை பொருந்தும் என்று காட்டி, அதற்கேற்ற தொழில்களைப் பட்டியலிடும். தொழில்களின் அன்றாட வேலைகளை அது விவரிக்கும் விதம் உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் அதில் வரும் சம்பளமும் எதிர்கால வாய்ப்பும் அமெரிக்காவுக்கானவை, அவற்றைப் பார்த்து மயங்கக் கூடாது. எம்பிடிஐ என்ற ஆளுமைப் பரீட்சையின் பாணியில், நம் குணத்துக்கு நாலெழுத்து தரும் பரீட்சைகளைக் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். எம்பிடிஐயை வெளியிடும் நிறுவனமே வேலைக்கு ஆட்களைத் தெரிவு செய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அந்த நாலெழுத்தை நம்பித் தொழிலைத் தெரிவு செய்யச் சொல்பவருக்குக் காசு கொடுக்க நான் தயாரில்லை.

அப்புறம் ஏடிபிலிஸ்ட். 2020இல் வடிவமைப்பாளர்களுக்காகத் தொடங்கி, இப்போது வேறு துறைகளுக்கும் விரிந்திருக்கும் தளம். வேலை தேடும் எவரும் அனுபவசாலிகளுடன் அரை மணித்தியாலம் வீடியோவில் இலவசமாகக் கதைக்கலாம். இலவசம் என்றால் தரம் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு என் பதில், நேர்முகத்தேர்வுக்கான மிகச் சிறந்த பயிற்சி எனக்குக் கிடைத்தது இங்கேதான் என்பது. சிங்கப்பூரில் தரவுப் பகுப்பாய்வாளராக இருக்கும் ஒருவர் என்னிடம் மாதிரிக் கேள்வி ஒன்று கேட்டார்: "கடைசியாக ஒரு வேலையைச் சுலபமாக்கியது எப்போது?" மாத முடிவுக் கணக்கை மூடும் காலத்தை எட்டு நாளிலிருந்து நாலு நாளாகக் குறைத்ததைச் சொன்னேன். நான் கதைக்கக் கதைக்க அவர் கமராவுக்கு முன்னால் கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டேன், என்ன அது என்று. "நீங்கள் 'நாங்கள்' என்று சொன்ன தடவைகள். உங்கள் பிரிவை நான் வேலைக்கு எடுக்கப் போவதில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?"

நம்மில் பலருக்கு 'நான் செய்தேன்' என்று சொல்ல நா எழாது. தற்பெருமை கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பண்பு நல்லதுதான், ஆனால் நேர்முகத்தேர்வில் எதிரில் இருப்பவருக்குத் தேவையான தகவலையே அது மறைத்துவிடுகிறது. அன்றே அதே பதிலை நிலைமை, பொறுப்பு, செய்தது, விளைவு என்ற ஸ்டார் ஒழுங்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். செய்தது என்ற பகுதி மட்டும் நீண்டுகொண்டே போனது. கிடங்கு இருப்பையும் பேரேட்டையும் எக்செலில் தானாகப் பொருந்த வைத்தது யார், தொழிற்சாலைக்குப் போய்ப் பதிவு செய்யும் முறையை மாற்றச் சொன்னது யார் என்று வெளியே வந்தது. இந்தத் தளத்தில் குறையும் உண்டு. நல்ல வழிகாட்டிகளின் நேரம் சீக்கிரம் நிரம்பிவிடும், சிலர் கடைசி நேரத்தில் இரத்துச் செய்வார்கள். மென்டர்குரூஸ் போன்ற மாதச் சந்தாத் தளங்களில் ஒரே ஆள் தொடர்ந்து கிடைப்பார். ஆனால் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும், திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கட்டிய கோச்சிங்குக்கு வருகிறேன். கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. ஆகவே சர்வதேசக் கோச்சிங் சம்மேளனமான ஐசிஎஃப்பின் தளத்தில் சான்றிதழ் உள்ளவர்களைத் தேடினேன். மூன்று தரம் இருக்கிறது. ஏசிசி பெற 100 மணித்தியாலம், பிசிசி பெற 500, எம்சிசி பெற 2500 மணித்தியாலம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். ஒருவர் சொல்லும் சான்றிதழ் உண்மையா என்று அங்கேயே பெயரைப் போட்டுப் பார்க்கலாம். லண்டனில் இருக்கும் பிசிசி தரத்துப் பெண்மணி ஒருவரைத் தெரிவு செய்தேன். கட்டணத்தைக் குறைத்து அமர்வுக்கு 50 டொலர் என்றார். 2022 தொடக்கத்து விலையில் அது 10,000 ரூபா. டொலர் 360ஐத் தொட்ட நேரத்தில் அதே அமர்வு 18,000 ரூபா. இப்போது 300ஐச் சுற்றி நிற்பதால் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் ஒரு செலவுதான். கோடையில் லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம், ஒக்ரோபர் கடைசி ஞாயிறு முதல் ஐந்தரை. அந்த மாதங்களில் அங்கே மாலை ஏழு மணிக்கு அவர் வேலை முடித்து வந்து உட்கார்ந்தால், வெள்ளவத்தையில் எனக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை.

அவர் எனக்கு அறிவுரை சொல்லவே இல்லை. முதல் அமர்வில் எரிச்சலாகக்கூட இருந்தது. கோச்சிங் என்பது கேள்வி கேட்பது, வழி சொல்வது வழிகாட்டியின் வேலை. இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள்தான் அந்தக் காசின் முழுப் பலனையும் எடுப்பார்கள். நான் இந்த வேலை வேண்டாம், வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது, "இந்த வேலையிலிருந்து எதை அடுத்த வேலைக்குக் கொண்டுபோக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். பட்ஜெட் காலத்தில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுடன் உட்கார்ந்து அடுத்த பருவத்துத் துணிக் கணக்குப் போடுவது என்றேன். அப்படிச் சொன்னபிறகுதான், நான் தேட வேண்டியது மென்பொருள் கம்பனியில் தனியாக உட்காரும் வேலை இல்லை, உற்பத்திக்கு அருகில் இருக்கும் நிதித் திட்டமிடல் என்று தெளிவானது. வீட்டிலும் நண்பர்களிடமும் இவ்வளவு காலம் கதைத்தும் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஆனால் அதே கோச்சுக்கு இலங்கையின் தொழில் சட்டம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. மனம் தெளிவானதும் உடனே விலகல் கடிதம் கொடுக்கும் திட்டத்தை இருவருமாக எழுதிவிட்டோம். அதைத் தடுத்தவர் லிங்க்ட்இனில் கிடைத்த ஓர் அக்கா. பல்கலைக்கழகத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் பழைய மாணவர் பகுதி இருக்கிறது. அதில் ஊர், நிறுவனம், துறை என்று வடிகட்டிப் பார்க்கலாம். கணக்கியலிலிருந்து பகுப்பாய்வுக்கு மாறி, தெமட்டகொடையில் வேலை செய்யும் ஒருவர் அப்படி அகப்பட்டார். இருபது நிமிடம் மட்டும் கேட்டு, எதைப் பற்றி என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். மறுநாள் வட்ஸ்அப்பில் அழைத்தார்.

"தம்பி, சேந்து அஞ்சு வருசம் முடிஞ்சிட்டுதா?"

"இல்லை அக்கா, இன்னும் சில மாசம் இருக்கு."

"அப்ப அதுவரைக்கும் கடிதம் குடுக்காதீங்கோ. பணிக்கொடையை ஏன் விடுறீங்கள்?"

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கிடைக்கும். தானாக விலகினாலும் உரிமை உண்டு. ஐந்து வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். அத்தோடு அவர் விடவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ரிமோட் ஒப்பந்த வேலையும் என் பட்டியலில் இருந்தது. "அதில ஈ.பி.எஃப். இல்லைதானே, அதையும் சேர்த்துப் பாருங்கோ" என்றார். இங்கே நிரந்தர வேலையில் முதலாளி ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தன் பக்கத்திலிருந்து போடுகிறார். ஒப்பந்தக்காரருக்கு அந்தப் 15 வீதம் இல்லை. டொலர் சம்பளம் பெரிதாகத் தெரியும், இதைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

சுயவிபரக்கோவை எழுதித்தரும் சேவைகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. காசு வாங்கிய ஓரிடம் இரண்டு நிரல், வண்ணக் கட்டம், திறமைகளுக்கு வட்ட வரைபடம் என்று அலங்கரித்து அனுப்பியது. விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் இப்படிப்பட்ட கோவையைத் தாறுமாறாக வாசிக்கக்கூடும். நீங்களே சோதிக்கலாம்: பிடிஎஃப்பில் உள்ள எல்லாவற்றையும் கொப்பி செய்து நோட்பேட்டில் ஒட்டுங்கள். வரிகள் ஒழுங்காக வந்தால் சரி. எனக்கு ஒரு நிறுவனத்தின் பெயரும் இன்னொன்றின் திகதியும் ஒரே வரியில் கலந்து வந்தன. அடையாள அட்டை எண், மதம், திருமண நிலை, கடைசியில் உறவினரல்லாத இருவரின் பெயர் என்று நாம் பழகிய வடிவம் உள்ளூரில் செல்லும். பிரித்தானிய நிறுவனத்துக்கு அனுப்பும்போது அவற்றையும் புகைப்படத்தையும் எடுத்துவிடுங்கள்.

வேலைக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று சொல்லும் எந்தப் பொதியையும் நான் தொடவில்லை. "கனடா வேலையுடன் சேர்த்து ஆலோசனை" என்று முகநூலில் வருபவை அதைவிட ஆபத்து. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1989க்கு அழைத்து விசாரித்துவிட்டே காசைப் பற்றிக் கதையுங்கள். கட்ட வசதியில்லாதவர்களுக்கு, முக்கியமாக உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு, மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் தொழில் வழிகாட்டல் இலவசம். அங்கே முதலில் போகலாம்.

ஐந்து வருடம் முடித்து, பணிக்கொடைக்கு உரிமை வந்தபிறகு வேலை மாறினேன். இப்போது நிதித் திட்டமிடலில் இருக்கிறேன், தொழிற்சாலைக்கும் போகிறேன். லண்டன் கோச்சுடன் தொடர் அமர்வுகளை நிறுத்திவிட்டேன். பெரிய முடிவு ஒன்று எதிரே வந்தால் மட்டும் ஓர் அமர்வு எடுக்கிறேன், அதற்கு அந்த 15,000 தகும். அக்காவுடன் மாதம் ஒருமுறையாவது கதைப்பேன். ஏப்ரலில் சம்பள மீளாய்வு வருகிறது, இந்தத் துறையில் கொழும்பு நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று அவரிடம்தான் கேட்கப் போகிறேன்.