கூரைக்கு உள்ளேயா, வெளியேயா?

திறந்த மைதானத்தில் உலகத் தடகளப் போட்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, உள்ளரங்கப் போட்டி முதலில் ஏதோ பொம்மை மாதிரித் தோன்றும். வெளியே ஒரு சுற்று 400 மீட்டர். உள்ளே 200தான், வளைவுகளும் சரிந்து உயர்ந்திருக்கும். 100 மீட்டர் ஓட இடமில்லாததால் 60. கோட்டைத் தாண்டியவர்கள் வந்த வேகத்தில் மெத்தை வைத்த சுவரில் போய் முட்டி நிற்பார்கள்.

அந்த 40 மீட்டர் குறைவது லேசுப்பட்ட விஷயமில்லை. 2023 புடாபெஸ்ட் திறந்தவெளி உலகப் போட்டியில் அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் 9.83 நொடியில் 100 மீட்டர் தங்கம் வென்றார். சக அமெரிக்கர் கிறிஸ்டியன் கோல்மேனுக்கு ஐந்தாம் இடம். 2024 மார்ச்சில் கிளாஸ்கோ உள்ளரங்க உலகப் போட்டியின் 60 மீட்டரில் கதை தலைகீழ்: கோல்மேன் 6.41, லைல்ஸ் 6.44. கோல்மேன் புறப்பாட்டில் புலி. லைல்ஸ் பின்பாதியில் பறப்பவர். அந்தப் பின்பாதிதான் அங்கே இல்லையே!

உள்ளரங்க 400 மீட்டரில் முதல் சுற்று முடிவதற்குள் எல்லோரும் உள்தடத்துக்குப் பாய்வார்கள், முழங்கைகள் இடிபடும். முந்திப் போனவருக்கே யோகம். நெதர்லாந்து வீராங்கனை ஃபெம்கே போல் கிளாஸ்கோவில் 49.17 நொடியில் உள்ளரங்க உலக சாதனை படைத்தார். விறுவிறுப்புக்கு என் ஓட்டு உள்ளரங்கத்துக்கே.

சரி, ஈட்டி? உள்ளே கிடையாது. நீரஜ் சோப்ரா புடாபெஸ்டில் 88.17 மீட்டர் எறிந்தார். கிளாஸ்கோவில் எறிந்திருந்தால் கேலரியில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.