அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறோம் என்று 41,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: காரைக்குடி பக்கத்து ஆட்கள் கட்டாயம் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 41,000 ரூபாய் போய்விட்டது. பெரியவர்களை ஊரில் விட்டுவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று முழுவதும் சொல்கிறேன். கடைசியில், ஆள் வைப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

ஆத்தா (அம்மா) காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் தனியாக இருக்கிறார்கள். அப்பச்சி (அப்பா) போன பிறகும் வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மழை நாளில் வளவில் (நடு முற்றத்தில்) வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் ஆனது. ஆத்தங்குடித் தரைக்கல் பார்க்க அழகு, நனைந்தால் எமன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். நர்ஸ் தேவையில்லை, ஊசி கீசி எதுவும் கிடையாது. வாக்கர் பிடித்து நடக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், ராத்திரி தனியாக பாத்ரூம் போகக்கூடாது. அவ்வளவுதான். குளிப்பாட்டி, துணி மாற்றி, நேரத்துக்குச் சாப்பிட வைத்து, ராத்திரி கூடவே படுத்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும். நம் வீடுகள்தான் தெரியுமே, படுக்கிற இடத்திலிருந்து பின்கட்டு பாத்ரூமுக்குப் போவதே ஒரு பயணம், நடுவில் கட்டுக்குக் கட்டு நிலைப்படி வேறு.

ஊரில் விசாரித்தேன், உடனே யாரும் அமையவில்லை. எல்லா சேவைக்கும் ஆள் காட்டும் ஒரு ஆப்பில் முதியோர் பராமரிப்பு என்று தேடி என் நம்பரைப் போட்டேன். டீ ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது.

பேசியவன் எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் அவனுடைய கெட்டிக்காரத்தனம். “ஆச்சிக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன்? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பாங்க? பல் செட்டா? காது நல்லா கேக்குமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. “நானும் புதுக்கோட்டைப் பக்கம்தான் ஆச்சி. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? சைவமா, அசைவமான்னு மட்டும் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த ஆளா அனுப்புறேன்.” என்னையும் ஆச்சி, ஆத்தாவையும் ஆச்சி. நம் பக்கத்தில் பெண்களை மரியாதையாக அழைக்கிற அந்த ஒரு வார்த்தையில் பாதி மனது இளகிவிட்டது. எந்த ஊர்க்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் படித்தே வருகிறார்கள் போல.

அப்புறம்தான் கணக்கு வந்தது. ஒரு மாதச் சம்பளம் 24,000, பதிவுக் கட்டணம் 5,000, டெபாசிட் 12,000. ஆக மொத்தம் 41,000. ஆள் பிடிக்கவில்லை என்றால் மறுநாளே வேறு ஆள், அதுவும் சரிவரவில்லை என்றால் டெபாசிட்டோடு பணம் வாபஸ் என்று வாட்ஸாப்பில் எழுதியே அனுப்பினான். ஜிபேயில் ஒரு தனிநபர் பெயர் வந்தது. ஏன் என்று கேட்டேன். “கம்பெனி அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு ஆச்சி, இது எங்க எம்.டி. வீட்டம்மா அக்கவுண்ட்.” ரசீது கேட்டேன், அதுவும் உடனே வந்தது. லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் பளபளவென்று இருந்தது.

ஏன் முன்பணம் கொடுத்தீர்கள் என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நான் விசாரித்த எல்லா ஏஜென்சியும் முன்பணம்தான் கேட்டது.

ஒரு பெண் வந்தார். ஐந்து வருட அனுபவம், பயிற்சி பெற்றவர் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறுநாள் காலையில் ஆத்தாவைக் கட்டிலிலிருந்து எழுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கைகளையும் மணிக்கட்டில் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இழுத்தார். ஆத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆள் ஓடி வந்துவிட்டார். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இடுப்பைத் தாங்க வேண்டும். நடக்கும்போது முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் ஆன கால், அப்புறம் நல்ல கால். ஆஸ்பத்திரியில் எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு வாக்கரை விரிக்கவே தெரியவில்லை.

உட்கார வைத்துப் பேசினேன். அழுதுவிட்டார். சமையல் வேலை என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வாங்கிய 24,000த்தில் அவருக்குப் பேசியது 12,000, அதிலும் முதல் மாதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். ஒரிஜினல் ஆதாரைக்கூட வாங்கி வைத்துக்கொண்டு தரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கையில் பஸ் செலவுக்குக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கூத்தே. அன்றைக்கே போன் செய்தேன். “நாளைக்குக் காலைல வேற ஆள் வந்துருவாங்க ஆச்சி.” வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றான், அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றான், ஊரில் திருவிழா என்றான். சரி, ஆளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பணத்தைக் கொடு என்றதும் ஆச்சி போய் மேடம் ஆகிவிட்டேன். “அக்கவுண்ட்ஸ்ல பேசுங்க மேடம்.” அக்கவுண்ட்ஸ் என்று தந்த நம்பரில் எடுத்தவனுக்கும் அதே குரல்! வெட்கமே இல்லாமல் “சார் மீட்டிங்ல இருக்காரு” என்று தன்னைப் பற்றியே சொல்கிறான். “45 வேலை நாள் ஆகும்” என்றான். “ஸ்டாஃப் வந்து வேலை பார்த்துட்டாங்க, அதனால சம்பளம் திரும்ப வராது” என்றான். டெபாசிட்? “சர்வீஸ் சார்ஜ்ல கழிஞ்சிருச்சு.” கடைசியில் சொன்னதுதான் உச்சம்: “உங்க அம்மா எங்க ஸ்டாஃபைத் திட்டினதா கம்ப்ளைண்ட் வந்திருக்கு. நாங்கதான் உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்.” எழுந்து நிற்க முடியாத 78 வயது மனுஷி மேல்! அதற்குப் பிறகு வாட்ஸாப்பில் ஒற்றை டிக்தான்.

ரசீதில் இருந்த மதுரை முகவரிக்குச் சித்தப்பா மகன் நேரில் போய்ப் பார்த்தான். ஜெராக்ஸ் கடை. அவர்களுக்கு இப்படி ஒரு கம்பெனி இருப்பதே தெரியாது. ரசீதில் போட்டிருந்த ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தால் 14 எழுத்துதான் இருக்கிறது. 15 இருக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கும் போனேன். “ஆள் அனுப்பியிருக்காங்களே, அப்புறம் எப்படிம்மா மோசடி? இது கொடுக்கல் வாங்கல் தகராறு” என்றார்கள். பாதி ஏமாற்றினால் ஏமாற்று இல்லையாம். ஒரு ஆளை அனுப்பி வைப்பதே இதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. ஆப்காரர்களிடம் புகார் செய்தால், நாங்கள் நம்பர் மட்டும்தான் தருகிறோம், மற்றதற்குப் பொறுப்பில்லை என்று ஒரு மெஷின் பதில்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். ஆத்தாவை எழுப்பும் நேரம் ஆகிவிட்டது, அவசரமாகச் சிலதை மட்டும் சொல்கிறேன். தனிநபர் அக்கவுண்டுக்குப் பணம் போடச் சொன்னால் போடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்திலேயே தட்டிப் பார்க்கலாம், யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். ஆளை நேரில் வரச்சொல்லி, உங்கள் முன்னால் ஒருமுறை பெரியவரை எழுப்பி உட்கார வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பணம் பேசுங்கள். சம்பளத்தில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று அவரிடமே கேளுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் முடக்க அக்கவுண்டில் ஒன்றும் இருக்காது. நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் நீதிமன்றத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நான் சிவகங்கையில் போடப்போகிறேன். 41,000 வருகிறதோ இல்லையோ, அவன் ஒருமுறையாவது வந்து நிற்கட்டும்.

இன்னொன்று. நேற்று அதே ஆப்பில் பார்த்தேன். அதே போன் நம்பர், வேறு பெயர், புது லோகோ. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைக்கு உடனடி சேவை என்று போட்டிருக்கிறார்கள். யாராவது ஆள் தேடிக்கொண்டிருந்தால் பணம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், நம்பரைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.