நான்கிலிருந்து எட்டு: ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவைப் பற்றி

வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போனதால் இரவோடு இரவாக எனக்கு அவசர சிசேரியன் செய்தார்கள். அதன்பின் குழந்தையைக் கவனித்த விதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காது மட்டும் கூர்மையாக இருந்தது. அழுகை வரவில்லை. குழந்தைநல மருத்துவர் நாங்கள் கேட்காமலேயே முன்னதாக வந்து நின்றிருந்தார். சூடேற்றிய மேடையில் துடைத்து, முதுகைத் தேய்த்து, முகமூடி வழியே காற்றுச் செலுத்தினார்கள். பிறகு ஒரு மெல்லிய முனகல். அதுவே எனக்குச் சங்கீதம்!

பிறந்ததும் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பத்துக்குத் தரும் அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 4, ஐந்தாம் நிமிடத்தில் 8. நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் சிணுங்குவது, தசை வலு, மூச்சு என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை தருகிறார்கள். தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மையையும் பார்த்தார்கள். பிறக்கும்போது ஆக்சிஜன் பற்றாக்குறை இருந்ததா என்பதற்கு அது நல்ல தடயம். சர்க்கரை, உடல் வெப்பம், பால் உறிஞ்சுவது எல்லாம் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்டன.

குறை ஒன்று உண்டு. செவிலியர் வெளியே வந்து “மார்க் நாலு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழந்தையின் மூளையே பாதிக்கப்பட்டுவிட்டதாக எண்ணி என் கணவர் விடியும்வரை தவித்திருக்கிறார். அந்த எண் அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும், எதிர்காலத்தை அல்ல என்று மருத்துவர் மறுநாள் காலையில்தான் விளக்கினார். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றை நான் குறைத்தது அதற்காகத்தான்.