ஒரே கப்பலின் கடித உறைகள் என்று சொல்லி 38,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: போர்க்கால கவர் வாங்குகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேகரிப்புப் பொருள்களை ஏலம் விடும் ஒரு செயலியில், தபால்தலை, நாணய வியாபாரி ஒருவரிடம் 38,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

பொருள் இதுதான். அமெரிக்கக் கடற்படையின் துருப்புக் கப்பல் ‘ஷோமோன்ட்’, எண் ஏபி-5. அந்த ஒரு கப்பலிலிருந்து, கப்பலின் தபால் முத்திரையோடு போன கடித உறைகள் (எங்கள் பேச்சில் ‘கவர்’) மொத்தம் 14. 1921-இல் கடற்படைப் பணிக்கு வந்த கப்பல் அது. 1927-இலும் 1937-இலும் மரைன் படையினரை ஷாங்காய்க்கு ஏற்றிச் சென்றது. 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியபோது, பிலிப்பைன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் தொடரில் இருந்தது. அந்தத் தொடரை ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பிவிட்டார்கள். 1941 டிசம்பர் 22-இல் பிரிஸ்பேன் வந்து சேர்ந்தது. 1944-இல் ஷோமோன்ட் மருத்துவமனைக் கப்பலாக மாறி ‘சமாரிடன்’ என்று பெயரும் மாறியது. இந்த வாழ்க்கை முழுவதும் தபால் முத்திரைகளிலேயே கையில் கிடைக்கிறது என்றால் இந்தத் துறையில் இருக்கிற யாருக்குத்தான் ஆசை வராது?

விளம்பரப் படத்தில் 1937 ஷாங்காய் கவர் மட்டும் மேலே பளிச்சென்று இருந்தது. மற்றவை சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைக்கப்பட்டு ஓரம் மட்டும் தெரிந்தன. தெளிவான ஸ்கேன் கேட்டேன். அவரே போன் செய்தார். “அண்ணே, எங்க பெரியப்பா சேர்த்து வெச்சது. அவர் போனப்புறம் வீட்ல யாருக்கும் இதோட மதிப்பு தெரியல” என்றார். சமாரிடன் என்று பெயர் மாறியதையும் பிரிஸ்பேனுக்குத் திருப்பிவிட்ட கதையையும் நான் கேட்காமலே சொன்னார். விவரம் தெரிந்தவர் என்று அங்கேதான் நம்பினேன். வீடியோ அழைப்பில் ஒவ்வொரு கவராகத் திருப்பியும் காட்டினார். “பிடிக்கலேன்னா ஏழு நாள்ல திருப்பி அனுப்பிடுங்க அண்ணே, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்” என்றார். பணம் அன்றைக்கே போனது.

பார்சல் வந்தது. போருக்கு முந்தைய ஒன்பதும் அசல்தான். ஆனால் அவை எங்கும் மலிவாகக் கிடைப்பவை. 38,500 ரூபாயும் மீதி ஐந்துக்காகத்தான் கொடுத்தேன், அந்த ஐந்துமே பொய்.

முதலில் 1941 டிசம்பர் 22 தேதியிட்ட கவரைப் பார்த்தேன். தபால்தலை இல்லை. அந்த இடத்தில் பேனாவால் ‘ஃப்ரீ’ என்று எழுதியிருந்தது. அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசத் தபால் சலுகை வந்ததே 1942 ஏப்ரல் 1-ஆம் தேதிதான்! போதாக்குறைக்கு, முத்திரை வட்டத்தை ஒட்டிய கோடுகளுக்கு நடுவே ‘பிரிஸ்பேன்’ என்று ஊர்ப்பெயர். அமைதிக் காலத்தில் கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரை அந்த இடத்தில் வைப்பது வழக்கம், ஷாங்காய் கவரில் இருப்பதும் அதுதான். அமெரிக்கா போரில் இறங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, எதிரியிடம் சிக்கக் கூடாது என்று திருப்பிவிடப்பட்ட கப்பல் தான் நிற்கும் ஊரைத் தபாலில் குத்தி அனுப்புமா?

1943 கவர்கள் மூன்றும் அதைவிட மோசம். போர்க்காலத்தில் கப்பல் பெயரையே முத்திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ‘யு.எஸ். நேவி’ என்று மட்டும்தான் விழும். கப்பல் எது என்பதை அனுப்புநர் முகவரியை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். இவற்றில் ஷோமோன்ட் பெயர் முழுதாக, துளி மங்கல் இல்லாமல் இருக்கிறது. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடு நீலமும் சிவப்புமாகப் புள்ளி புள்ளியாகப் பிரிகிறது. கம்ப்யூட்டர் பிரிண்டரில் அடித்தது. மூன்றிலும் ‘ஓ’ எழுத்து ஒரே இடத்தில் உடைந்து, முத்திரை ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. கையால் குத்திய முத்திரை மூன்று தடவையும் அச்சு அசலாக விழவே விழாது. தணிக்கை முத்திரைக்குள் இருக்கும் அதிகாரியின் சுருக்கொப்பம் மூன்றிலும் ஒரே பேனா, ஒரே கை. சமாரிடன் கவர் கலர் ஜெராக்ஸ், பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

லென்ஸ் வழியே எடுத்த படங்களை அனுப்பினேன். முதல் நாள் “பார்க்கிறேன் அண்ணே”. அடுத்து “பெரியப்பா வாங்கினது, எனக்கெப்படித் தெரியும்?”. அப்புறம் ‘அண்ணே’ போய் ‘சார்’ வந்தது. கடைசியில் “நீங்களே மாத்தி வெச்சிட்டு என்கிட்ட கேக்குறீங்களா சார்?” என்று சொல்லிவிட்டு எண்ணை பிளாக் செய்துவிட்டார். இத்தனை வருடமாகச் சேர்க்கும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதுதான் பணம் போனதைவிட எரிகிறது.

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். பழம்பொருள் பிரிவுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். அசல்தானா என்று பார்ப்பது வாங்குபவர் பொறுப்பாம். விற்றவர் வாயால் சொன்ன ஏழு நாள் கணக்கில் வராதாம். மறுபடி எழுதினால் அதே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல். பிறகு ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி. என்ன தீர்ந்தது? என் 38,500 ரூபாய் எங்கே? நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இது போதும்: வீடியோவை நம்பாதீர்கள், கவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் 600 டிபிஐ ஸ்கேன் வாங்குங்கள். போர்க்கால முத்திரையில் கப்பல் பெயரும் ஊரும் சேர்ந்து இருந்தால் கிட்டப் போகாதீர்கள். ‘ஃப்ரீ’ என்று இருந்தால் தேதியைப் பாருங்கள். திருப்பி எடுப்பேன் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், அதே ஆள் ‘ஹெண்டர்சன்’ என்று ஒரு தொகுப்பு போட்டிருக்கிறார். அதுவும் துருப்புக் கப்பல்தான், ஏபி-1, அதுவும் 1944-இல் மருத்துவமனைக் கப்பலாகி ‘பவுண்டிஃபுல்’ ஆனது. இங்கேயும் மேலே ஒரு பழைய கவர், கீழே ஓரம் மட்டும் தெரிகிற வரிசை. ஏலம் ஞாயிறு இரவு முடிகிறது. யாரும் கேட்டுவிடாதீர்கள்.