சிறு பிள்ளைகளோடு போக கிண்டியா, வண்டலூரா?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், கிண்டி சிறுவர் பூங்காதான். மான், பறவை, குரங்கு பார்த்து, ஊஞ்சலில் ஆடிவிட்டு, தூக்கம் சொக்குவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஒட்டியே பாம்புப் பண்ணை; கண்ணாடிக்குப் பின்னால் மலைப்பாம்பு லேசாக நெளிந்தால் பெரும்பாலும் அப்பாக்கள்தான் முதலில் பின்வாங்குவார்கள்.

வண்டலூர் வேறு ரகம். 1985-இல் சென்னை நகருக்குள்ளிருந்து அங்கே மாறிய உயிரியல் பூங்கா, சுமார் 602 ஹெக்டேர். புலி, சிங்கம் எல்லாம் உண்டு. ஆனால் நடந்தே சுற்றினால் பெரியவர்களுக்கே கால் கடுக்கும். பேட்டரி வண்டிக்குக் காசு பார்க்காதீர்கள். உச்சி வெயிலில் புலி நிழலில் படுத்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை இரண்டுக்குமே விடுமுறை.