400 கிலோமீற்றர் லேசு, கடைசி 150 மீற்றர்தான் வில்லங்கம்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டைக் காலி செய்து சாமானை யாழ்ப்பாணத்து ஊருக்கு ஏற்றுகிற ஆக்கள், மூன்றாம் மாடியிலிருந்து இறக்குகிற கூலியைப் பற்றித்தான் லொறிக்காரரோடு மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஊர் முனையில் எத்தனை அடி ஒழுங்கை என்று ஒருவரும் அளப்பதில்லை. இந்த ஆவணியில் கோண்டாவிலில் நடந்தது அதுதான். இரவு வெளிக்கிட்ட லொறி விடியப்புறம் வந்து சேர்ந்து, மத்தியானம் வரை ஒழுங்கை வாசலிலேயே நின்றது.

14.5 அடிக் கன்ரர் லொறி. பெட்டி ஏறக்குறைய ஏழடி அகலம், ஒழுங்கை பத்தடி, போகும்தானே என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நேர் ஒழுங்கை என்றால் போகும். முடக்கில் பின்சில்லு உள்பக்கமாக வெட்டி மதிலைத் தேய்க்கும். மூக்கு எதிர் மதிலில் முட்டும். கிடுகு வேலியும் கதியாலும் நின்ற காலத்தில் வேலி கொஞ்சம் சரிந்து இடம் கொடுத்தது. இப்போது முடக்குக்கு முடக்கு சீமெந்து மதில். எங்கள் வெளிநாட்டுக் காசில் எழும்பிய மதில்தான், ஆரை நோகிறது! போதாததற்கு கட்டில் சட்டத்தைத் தறப்பாளுக்கு மேலே கட்டியிருந்தார்கள். தொங்குகிற வயரில் அது கொழுவும். "அண்ணை, உள்ள விட்டா றிவேர்ஸ் எடுக்கேலாது" என்றார் சாரதி. அதோடு சரி.

பிறகு லான்ட்மாஸ்ரர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பிடித்து ஐந்து நடை. நடைக்கு நடை ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லொறி மறிபட்டு நின்றதற்கு வேறு காசு. லான்ட்மாஸ்ரர் பெட்டிக்கு ஸ்பிறிங் வில்லும் இல்லை, ஒன்றும் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் அடி முழுக்கச் சாமானுக்குத்தான். அலுமாரிக் கண்ணாடியைப் படுக்க வைத்தார்கள், இரண்டாம் நடையிலேயே வெடித்தது. கண்ணாடியை இரண்டு மெத்தைக்கு நடுவில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறிட்ஜையும் சரிக்கக் கூடாது. கொம்பிறசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். சரித்திருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பிளக்கைப் போட வேண்டும். லொறியில் பாரமானவை சாரதிப் பக்கம். பிறிட்ஜை மட்டும் கடைசியாக ஏற்றி, பக்கப்பலகையோடு கட்டினால் முதலில் இறங்கும்.

ரொறன்ரோவில் கொண்டோ லிப்ற்றுக்குக்கூட முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். யூ-ஹோல் வாடகை லொறி எடுத்தால் தூரக் கணக்கும் பெற்றோலும் எழுத்தில் இருக்கும். இங்கே எல்லாம் போன் வாய்ச்சொல். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் கூப்பிடாமலே பக்கத்து வளவுக்காரர் மூன்று பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அலுமாரிக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்தே பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்தது. ஸ்காபறோவில் ஒரே தட்டில் பத்து வருசம் இருந்தாலும் அடுத்த கதவு திறக்காது.

செலவைக் குறைக்க ஒரே வழி, ஊரிலிருந்து வெங்காயமோ வாழைக்குலையோ ஏற்றிக்கொண்டு கொழும்பு போன லொறி திரும்பி வரும்போது பிடிப்பது. எப்படியும் திரும்ப வேண்டிய லொறி என்பதால் தனி வாடகையைவிட மலிவாகப் பேசலாம். என்றாலும் பெட்டியை மணந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கருவாடு போன பெட்டியில் பொலித்தீன் சுற்றாமல் மெத்தை போட்டால், அதில் படுக்கிறவர் பாவம். தளபாடம் கூட இருந்தால் விதானையாரிடம் (கிராம அலுவலர்) ஒரு கடிதம் எடுத்து வையுங்கள். வழியில் மறித்தால் காட்டலாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடி வீதிகள் பூட்டு, அந்தப் பக்கம் வீடென்றால் நாளை மாற்றுங்கள்.

கூலி பேசும்போது "வீட்டு வாசல் வரை" என்ற சொல் வர வேண்டும். லொறி போகாது என்றால் முதலே ஒரு பட்டாவை (சின்ன லொறி) சொல்லி வைக்கலாம், லான்ட்மாஸ்ரரைவிடக் குலுக்கல் குறைவு. அளவுநாடா இல்லையா? முடக்கில் ஒரு மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாரதி பார்த்த உடனேயே சொல்லிவிடுவார்.